நாற்பது நிமிடம் பார்த்தவள்

எழில்மொழியின் வெள்ளைக் கோட்டுக்கு அவளுடைய அப்பாதான் இஸ்திரி போடுவார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கையால் காலரை மடித்து, ஹேங்கரில் மாட்டி, கசங்காமல் பஸ் ஸ்டாப் வரை தூக்கிக்கொண்டு வருவார். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அவர்கள் இருந்த பிளாக்கிலிருந்து வெள்ளைக் கோட்டு போட்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவள். அப்பா அசோகனுக்கு அதில் எவ்வளவு பெருமை என்பதை அந்தத் தெரு முழுக்கப் பார்த்தது. அம்மா ரமாபாய் மாநகராட்சிப் பள்ளியில் சத்துணவு சமைப்பவர். அவர் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் மகளின் சாப்பாட்டு டப்பாவில் எப்போதும் இரண்டு பேருக்கு இருக்கும். அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் நான்தான்.

நானும் அவளும் ராயபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தோம். எனக்கு ரிப்போர்ட் டைப் செய்யும் வேலை. டாக்டர் படங்களைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். அடித்ததைப் படங்களோடு சேர்த்துப் பெரிய பழுப்பு உறையில் போட்டு, பெயர் எழுதி, கவுன்டருக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரியில் அடுக்குவேன். ராமசுப்பு என்ற என் பெயரை அங்கே யாரும் முழுதாகச் சொன்னதில்லை. எழில்மொழிக்கு நான் ராமு அண்ணன்.

அவள் எம்.ஆர்.ஐ. மெஷினை இயக்குபவள். பெரிய காந்தம் அது. நோயாளியைப் படுக்க வைத்து ஒரு குழாய்க்குள் தள்ளுவார்கள். உள்ளே யாரோ தகரத்தைச் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் வரும். பயந்து பாதியில் எழுந்து ஓடியவர்கள் உண்டு. ஆனால் எழில்மொழி டூட்டியில் இருந்தால் யாரும் ஓடமாட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கில் பேசிக்கொண்டே இருப்பாள். "இன்னா ஆயா, தூங்கிட்டியா? இன்னும் அஞ்சே நிமிசம், அப்பால வூட்டுக்குப் போயி மீன் கொயம்பு வெக்கலாம்" என்பாள். உள்ளே இருக்கும் கிழவி சிரித்து அசைந்துவிட்டால் படம் கலங்கிவிடும். மறுபடி எடுப்பாள். டாக்டர் திட்டுவார்.

வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளையை இந்த மெஷினில் பார்ப்பது அப்போது எங்களுக்குப் புதிது. எங்கள் டாக்டர் சங்கரநாராயணன் அதற்கென்று வெளியூர் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வந்திருந்தார். சாதாரண ஸ்கேனில் ஏதாவது சந்தேகம் வந்து, அது இன்னதென்று தெளிவாகத் தெரியாதபோது, தாயை எங்களிடம் அனுப்புவார்கள். மாதத்துக்கு ஒருத்தி வந்தால் அதிகம். எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ வந்தவள் மோகனப்ரியா.

2005, ஜூலை மாதம், வியாழக்கிழமை. எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்துப் பெண். இருபத்தொரு வயது, முதல் பிரசவம், ஏழு மாதம் முடிந்திருந்தது. முந்தைய டிசம்பரில் கடல் பொங்கியதில் வீட்டின் முன்சுவர் போய், அந்தக் குடும்பம் திருவொற்றியூரில் அரசாங்கம் போட்ட தகரக் கொட்டகையில் இருந்தது. புருஷன் திருமுருகன் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போயிருந்தான். கூட வந்தவள் புருஷனின் அக்கா கெங்கம்மா. மீன் விற்கிறவள். கூடையை எங்கள் வாசலிலேயே வைத்துவிட்டு, வாட்ச்மேனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

அனுப்பிய டாக்டரம்மா சீட்டில் எழுதியிருந்தது இதுதான்: குழந்தையின் மூளைக்குள் நீர் இருக்கும் அறைகள் அகலமாகத் தெரிகின்றன, காரணம் பார்க்கவும். சீட்டு இங்கிலீஷில் இருந்தது. அவர்களிடம் சொல்லப்பட்டது 'பெரிய மெஷினில் இன்னொரு ஸ்கேன்' என்பது மட்டும்.

"தாலிய கயட்ட மாட்டேன்" என்றாள் மோகனப்ரியா, எடுத்த எடுப்பில்.

"உன்ன யாரு கயட்டச் சொன்னா? மஞ்சக் கயிறு தானே, இருக்கட்டும். அதுல கொத்தா ஊக்கு மாட்டிக் கீறியே, அத்த மட்டும் குடுக்கா. இல்லன்னா காந்தம் அப்டியே இசுத்துக்கும்."

ஏழு ஊக்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தாள். மெட்டியைக் கழற்ற சோப்புத் தண்ணீர் வேண்டியிருந்தது. பிறகு படுக்கையைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், கெங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள பூந்தா கொயந்தைக்கு ஒண்ணும் ஆவாதா?"

"ஒண்ணும் ஆவாது. நான் பேசிகினே கீறேன். என் கொரல் வுட்டுப் போச்சின்னா நீ எய்ந்து வந்துடு."

கெங்கம்மா உள்ளேயே அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழில்மொழி கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மூச்சைப் பிடி, விடு, மறுபடி பிடி. குழந்தை திரும்பித் திரும்பிப் படுத்ததால் எடுத்ததையே எடுக்க வேண்டியிருந்தது. நாற்பது நிமிடம் ஆனது.

அந்த மெஷினின் படத்தில் நீர் வெள்ளையாகத் தெரியும். குழந்தையின் தலைக்குள் வெள்ளை நடுவில் சிறிதாக இருக்க வேண்டும், சுற்றிலும் மூளை சாம்பல் நிறத்தில் தடிமனாக இருக்க வேண்டும். எழில்மொழியின் திரையில் வந்தது அப்படி இல்லை. இரண்டு பக்கமும் வெள்ளை. மூளை ஓரத்தில், மண்டையோட்டோடு ஒட்டி, ஒரு மெல்லிய பட்டையாக இருந்தது. அவள் டாக்டர் இல்லைதான். ஆனால் அதற்கு முன் நூற்றுக்கணக்கான மூளைகளைப் பார்த்தவள். முதல் படம் வந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் மைக்கில் பேசிக்கொண்டே இருந்தாள். மீன் குழம்பைப் பற்றித்தான் பேசினாள்.

வெளியே வந்த மோகனப்ரியா நடுங்கிக்கொண்டிருந்தாள். தாலியில் ஊக்குகளை மாட்டக்கூட விரல் நிற்கவில்லை. எழில்மொழி மாட்டிவிட்டாள். அப்போதுதான் மோகனப்ரியா கேட்டாள்:

"நீ பாத்துகினு இருந்தியே. கொயந்த எப்டி கீது?"

இதற்கு எங்களுக்கு ஒரு பதில் உண்டு. 'டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்வார்.' அதைத் தவிர வேறு எதையும் டெக்னீஷியன் சொல்லக் கூடாது. எழில்மொழி அதை எத்தனையோ பேரிடம் சொன்னவள். சொன்னதும் அவர்கள் முகம் விழுவதையும் பார்த்தவள். அன்றைக்கு அந்த முகம் விழுவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

"நல்லா கீதுக்கா. ஒண்ணும் பயப்படாத, போ."

மோகனப்ரியா அவள் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். கெங்கம்மா வாசலில் கூடையைத் தூக்கிக்கொண்டே, "ரிப்போட்டு நாளைக்கி சாயங்காலமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அன்று சாயங்காலமே டாக்டர் சொல்ல நான் அடித்தேன். மூளையிலிருந்து நீர் வடிகிற குறுகிய பாதை அடைபட்டிருக்கிறது, நீர் தேங்கித் தலை பெரிதாகிக்கொண்டிருக்கிறது, பிரசவம் மூளை அறுவை சிகிச்சை வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டும். கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னார்: குடும்பத்தார் உடனே டாக்டரைப் பார்க்கவும்.

யாரும் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து, பதிவில் இருந்த நம்பருக்கு ஒரு தடவை போன் செய்தேன். மணியே அடிக்கவில்லை. அது நெட்டுக்குப்பத்து மளிகைக்கடை ஒன்றின் நம்பர், பழக்கத்தில் அதையே கொடுத்திருந்தார்கள். அந்த போன் டிசம்பரிலேயே கடலோடு போயிருந்தது. நான் இன்னொரு தடவை முயலவில்லை. உறைகள் தேங்குவது எங்களுக்கு வழக்கம். ரிப்போர்ட்டை நோயாளி கையில்தான் கொடுப்போம், அனுப்பிய டாக்டருக்கு நேராக அனுப்ப மாட்டோம். அது எங்கள் குறை. அதில் என் பங்கு இந்த ஒரு போன்.

அக்டோபர் கடைசியில், மழை பிடித்திருந்த நேரம், அலமாரியைக் காலி செய்தேன். மூன்று மாதத்துக்கு மேல் கிடக்கிற உறைகளை மாடிக்கு அனுப்பிவிடுவோம். அந்த உறை கைக்கு வந்ததும் எழில்மொழியைக் கூப்பிட்டேன்.

"இந்தப் பொண்ணு ரிப்போர்ட் வாங்கவே இல்லையே, தெரியுமா?"

அவள் பெயரைப் படித்தாள். உறையைப் பிரிக்கவில்லை. அலமாரியில் சாய்ந்துகொண்டாள்.

"நான் நல்லா கீதுன்னு சொன்னேன் அண்ணே."

"யார்கிட்ட?"

"அதுகிட்ட. அதான் வரல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் நெட்டுக்குப்பத்துக்குப் போனோம். எண்ணூர் பஸ்ஸில் கத்திவாக்கத்தில் இறங்கி, அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளை வலப்பக்கம் விட்டு நடந்தோம். முகத்துவாரத்துத் தண்ணீர் சாம்பல் கரைந்து சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது. எழில்மொழி உறையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"பொறந்திருக்கும்ல? ஒன்ற மாசமாச்சும் ஆயிருக்கும்."

திருமுருகன் வீட்டைக் காட்ட ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. கொட்டகையை விட்டுக் குடும்பம் ஊர் திரும்பியிருந்தது. புதுச்சுவர் பூசாமல் செங்கல்லாகவே நின்ற வீடு. வாசலில் கெங்கம்மாவும் மோகனப்ரியாவும் கருவாட்டைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்தார்கள். மோகனப்ரியா நிமிர்ந்து பார்த்தாள். முதலில் தெரியவில்லை. எழில்மொழி "அக்கா" என்றதும் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அண்ணி, இங்க பாரேன்! மிசின்ல பேசிகினே இருந்திச்சே, அந்த பொண்ணு!"

எங்களை உள்ளே கூட்டிப்போய், பாயை விரித்து, டீ வாங்க ஆள் அனுப்பினாள். நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். தூளி இல்லை. பால் பாட்டில் இல்லை. கொடியில் சின்னத் துணி ஒன்றுகூட இல்லை. எழில்மொழியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோகனப்ரியா தானாகவே சொன்னாள். செப்டம்பரில் வலி எடுத்தது. பக்கத்திலிருந்த சின்ன மருத்துவமனையில் ஒரு பகல், ஒரு ராத்திரி. தலை இறங்கவில்லை. அப்புறம் ஆட்டோவில் போட்டு ஊருக்குள் பெரிய ஆஸ்பத்திரி. வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண் குழந்தை. மறுநாள் மத்தியானம் வரை இருந்தது.

"தல மட்டும் பெரிசு. தண்ணி கட்டிக் கீதுன்னாங்க. நான் மயக்கத்துல இருந்தேன், மொகத்தகூட சரியா பாக்கல. இவங்கதான் பொதைச்சிட்டு வந்தாங்க."

சொல்லிவிட்டு அவள் எழில்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பாக்கச் சொல்ல நல்லா தானே இருந்திச்சி? அப்பால தானே ஆச்சி? ஆடி மாசம் அடிபம்புல தண்ணி எட்த்துகினு வர்ச்சொல்ல பாசில வயுக்கி உக்காந்துட்டேன். கொடம் வயித்துல இடிச்சிச்சி. யார்ட்டயும் சொல்லல. அது தான். இல்லன்னா அந்த கொட்டாயில வெயில்ல படுத்துகினு இருந்ததா? எங்க மாமியா அந்தக் காந்தம் தான் இன்றாங்க. நான் இல்லன்னு சொன்னேன். காந்தத்துல பூந்து வந்தப்புறம் தானே அந்த பொண்ணு நல்லா கீதுன்னு சொல்லிச்சின்னு சொன்னேன். கொடம் தான். எனக்குத் தெரியும், கொடம் தான்."

ஒன்றரை மாதமாக அவள் இதைத்தான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். ஜூலையில் நன்றாக இருந்த குழந்தையை, ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவில், தான் எந்த நாளில் எந்தக் காரியத்தால் கெடுத்தோம் என்று. அந்த நாட்களை ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறாள்.

எழில்மொழி கையை உருவிக்கொண்டாள். குனிந்து பாயைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கொடம் இல்லக்கா. அன்னிக்கே தண்ணி இருந்திச்சி. நான் பாத்தேன். நீ பயந்துகினு இருந்தியேன்னு பொய் சொன்னேன்."

டீ வந்தது. அதை யாரும் வாங்கவில்லை. வந்தவன் கீழே வைத்துவிட்டுப் போனான்.

மோகனப்ரியா கேட்ட முதல் கேள்வி நான் எதிர்பார்த்தது இல்லை. மிக மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப நான் வுயுந்ததால இல்லயா?"

"இல்லக்கா. நீ எதுவும் பண்ணல."

அவள் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. அழுகை வந்தது. அது ஆறுதல் அழுகை என்றுதான் நானும் நினைத்தேன். அது முடியும் முன்பே அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"அன்னிக்கே சொல்லி இருந்தா பொயச்சிருக்குமா?"

டாக்டரிடம் முந்தின நாள், எதற்கென்று சொல்லாமல், இப்படிப்பட்ட குழந்தை பிழைக்குமா என்று நான் கேட்டிருந்தேன். நேரத்தோடு ஆபரேஷன் செய்து எடுத்து, தலையில் குழாய் வைத்து நீரை வடித்தால் பிழைக்கலாம், பிழைத்தாலும் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். அதை நான் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எவ்வளவு சிறியதாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது.

கெங்கம்மா எழுந்தாள். "இன்னாம்மே, பட்சவ தானே நீ? ஒரு வார்த்த எங்கிட்டயாச்சும் சொல்லக் கூடாது? வாசல்ல தானே கூடைய வெச்சிகினு நின்னேன்! பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் தூக்கிகினு போயிருக்க மாட்டேன்?" அவள் கை ஓங்கியது. எழில்மொழி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அடி விழவில்லை.

மோகனப்ரியா பிளாஸ்டிக் பையைப் பார்த்தாள். "அதுல இன்னா கீது?"

"படம்."

"காட்டு."

வாசலுக்கு வந்து, மழைக்கு முந்தின அந்த வெள்ளை வெளிச்சத்தில் எழில்மொழி படத்தைத் தூக்கிப் பிடித்தாள். ஒரே பிலிம் தாளில் இருபது சின்னச் சின்னச் சதுரங்கள். ஒரு சதுரத்தில் குழந்தை பக்கவாட்டில் இருந்தது. நெற்றி, மூக்கு, உதடு எல்லாம் கோடு போட்டதுபோல் தெளிவாகத் தெரிந்தன. இன்னொன்றில் முகம் நேராக இருந்தது. அந்த மெஷினில் கண்ணுக்குள் இருக்கும் நீரும் வெள்ளையாகத்தான் தெரியும். அதனால் இருட்டில் இரண்டு வெள்ளை உருண்டைகள் நம்மையே பார்ப்பதுபோல் இருக்கும்.

"இது தான் அதும் மூஞ்சா?" என்றாள் மோகனப்ரியா. விரலால் மூக்கைத் தொட்டாள். "எங்க வூட்டுக்காரு மூக்கு." படத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை.

"போயிடுங்க" என்றாள் கெங்கம்மா. சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

அதற்கப்புறம் எழில்மொழி மைக்கில் பேசுவதில்லை. "மூச்சைப் பிடிங்க, விடுங்க" மட்டும்தான். குழாய்க்குள் இருந்து பயந்து எழுந்துவரும் ஆட்கள் மறுபடி உண்டானார்கள். சாப்பாட்டு டப்பாவை எனக்கு முழுதாகவே தள்ளிவிடுவாள். மெஷின் சத்தத்துக்குள் யாரோ கேள்வி கேட்பதுபோல் இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னாள். சத்தத்தின் தாளம் 'எப்டி கீது, எப்டி கீது' என்றே விழுகிறதாம். மெஷினை நிறுத்திய பிறகும் நிற்கவில்லை. பேசின் பிரிட்ஜ் மேல் ரயில் போனாலும் அதுதான், மாடிவீட்டில் யாரோ மசாலா இடித்தாலும் அதுதான்.

ரமாபாயம்மா ஒரு நாள் சென்டருக்கே வந்துவிட்டார். "இன்னா தம்பி, பொண்ணு பேயறஞ்சா மாரி கீறா. வூட்ல வெள்ளச் சொவத்தப் பாத்துகினு குந்திகினு கீறா. அவங்க நைனா கோட்ட இஸ்திரி போட்டா, வேணாம் நைனா, எனக்கு அது வேணாம்னு அழுவுறா. யார்னா எதுனா சொன்னாங்களா?" வேலைப் பளு என்றேன்.

எழில்மொழி டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். வேலை போகும் என்று நினைத்துத்தான் போனாள். டாக்டர், இனிமேல் வயிற்றுப்பிள்ளை ஸ்கேனுக்கு வருகிற யாரும் தன்னைப் பார்க்காமல் வாசலைத் தாண்டக் கூடாது என்றார். அனுப்பிய டாக்டருக்கு அன்றே நான் போன் செய்ய வேண்டும் என்றார். நல்ல ஏற்பாடு. அது எழில்மொழியின் காதில் விழுந்ததாகவே எனக்குத் தெரியவில்லை.

பொங்கல் முடிந்து ஒரு காலையில் திருமுருகன் வந்தான். ஒடிசலான ஆள். உப்பில் வெளுத்த தலைமுடி. சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்து நான் எழில்மொழிக்கு முன்னால் போய் நின்றேன். அவன் சட்டைக்குள் இருந்து சுருட்டிய படத்தை எடுத்துக் கவுன்டர் மேல் வைத்தான்.

"இத்த நீயே வெச்சிக்கோம்மா. காலீல எய்ந்தா ஜன்னல்ல மாட்டிடுறா. சோறு ஆக்குறதில்ல. அதும் முன்னால குந்திகினு கீறா. எனக்கும் முடியல. கடல்ல வல இசுக்கச் சொல்ல தண்ணிக்குள்ள அந்த ரெண்டு கண்ணு தெரிது. ரெண்டு தபா வலைய வுட்டுட்டேன். கூட வர்றவன் எவனும் இப்ப என்னைய ஏத்த மாட்றான்."

"மோகனப்ரியா அக்காவுக்குத் தெரியுமா?" என்றாள் எழில்மொழி.

"தெரியாது." அவன் போய்விட்டான்.

எழில்மொழி படத்தைத் தன் லாக்கருக்குள் வைத்தாள். கோட்டு தொங்கும் கம்பிக்குப் பின்னால். அன்று முதல் லாக்கரைத் திறக்கும்போது கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கையால் துழாவித்தான் எதையும் எடுப்பாள்.

இரண்டு வாரத்தில் மோகனப்ரியா வந்தாள். படத்தைத் திருப்பிக் கேட்கத்தான் என்று நினைத்து எழில்மொழி லாக்கரைத் திறக்கப் போனாள்.

"வேணாம். எங்க வூட்டுக்காரு குடுத்தது தெரியும். இங்கியே கெடக்கட்டும். அவரு கடலுக்குப் போவணும்" என்றாள் மோகனப்ரியா. பிறகு உடை மாற்றும் அறையின் பெஞ்சில் உட்கார்ந்தாள். "நீ ஒண்ணு செய். அன்னிக்கு நாப்பது நிமிசம் பாத்தியே. உள்ள அது இன்னா பண்ணிகினு இருந்திச்சி? மொதல்லேர்ந்து சொல்லு."

எழில்மொழி சொன்னாள். முதலில் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. நீ மூச்சைப் பிடித்ததும் ஒரு உதை உதைத்தது. அதில் ஒரு படம் வீணாயிற்று. அப்புறம் வலது கை முகத்துக்கு வந்தது. கட்டை விரல் வாய்க்குப் போயிற்று. எச்சில் விழுங்கிற்று. மறுபடி திரும்பிற்று. காலை மடக்கிற்று. கெங்கம்மாக்கா உன் பாதத்தை அழுத்தினாளே, அப்போது சும்மா இருந்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்ததாம், எல்லாம் ஞாபகம் இருந்தது. மோகனப்ரியா ஒரு சொல் பேசவில்லை. முடிந்ததும் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போனாள். மன்னித்தாளா என்பது எழில்மொழிக்குத் தெரியாது. அவள் கேட்கவும் இல்லை.

அந்த ஜூலையில் மோகனப்ரியா மறுபடி வந்து, அதையே முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். அதற்கடுத்த ஜூலையில் நிறைமாத வயிற்றோடு வந்தாள். இந்தத் தடவை ஸ்கேன் எல்லாம் வேறு இடத்தில் எடுத்திருந்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அங்கே சொன்னதை நம்பாமல் மூன்று டாக்டர்களிடம் காட்டியிருக்கிறாள். பையன் பிறந்தான், நன்றாக இருக்கிறான் என்று மீன் கொண்டுவரும்போது கெங்கம்மா எங்கள் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போனாள். எழில்மொழியிடம் அவள் பேசுவதில்லை. பையனைத் தூங்க விடாமல் தாய் அடிக்கடி தலையை நூலால் அளந்து பார்க்கிறாளாம். அதையும் கெங்கம்மாதான் சொன்னாள்.

எழில்மொழிக்கு நடுவில் கல்யாணம் பேசினார்கள். மாதவரத்துப் பையன், பால் பண்ணையில் வேலை. அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளை வேண்டாம் என்று அவனிடம் நேராகச் சொல்லிவிட்டாள். காரணம் சொல்லவில்லை. அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அசோகன் அதற்குப் பிறகு என்னிடம் அவ்வளவாகப் பேசவில்லை. என்னிடம் ஏதோ இருக்கிறது, நான் மறைக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

2009 ஜூலையில் நான் அந்த வேலையை விட்டுப் போவதற்குப் பத்து நாள் முன்னால் மோகனப்ரியா வந்தாள். பையனைக் கூட்டிவரவில்லை. இப்போது கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அறைக் கதவு திறந்திருந்தது. நான் ரிப்போர்ட் அடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். எழில்மொழி முதலிலிருந்து சொன்னாள். முதுகு, உதை, கை, விரல். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, "அது மொதல்லயா அப்பறமான்னு இப்ப தெளிவா தெரிலக்கா" என்றாள். அப்படி அவள் தடுமாறியது அதுவே முதல் தடவை.

எப்போதும் பேசாத மோகனப்ரியா அன்றைக்குக் கேட்டாள்.

"சிரிச்சிச்சா?"

நான் அடிப்பதை நிறுத்திவிட்டேன். ஒரு சொல்தான். சொன்னால் அந்தப் பெண் நெட்டுக்குப்பம் வரைக்கும் அதைக் கட்டிக்கொண்டு போவாள். யாருக்கு என்ன நஷ்டம், சொல்லிவிடு என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"தெரிலக்கா" என்றாள் எழில்மொழி. "அந்தப் படத்துல சிரிப்பு தெரியாது. நான் பாக்கல."

மோகனப்ரியா பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். நெத்திலிக் கருவாடு. இந்த நான்கு வருஷத்தில் அவள் எதுவும் கொண்டுவந்ததில்லை.

"உங்கம்மாகிட்ட குடு" என்றாள். "வறுக்கறதுக்கு முன்னால தல கிள்ளிடச் சொல்லு."

அவள் போன பிறகு எழில்மொழி அந்த அறையிலேயே இருந்தாள். வெளியே அடுத்த நோயாளி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண், மாமியாரோடு காத்திருந்தாள். நான் போய்ச் சொன்னேன். எழில்மொழி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணின் தாலியைப் பார்த்தபடியே மெதுவாகக் கையை நீட்டினாள்.

"ஊக்க எல்லாம் குடுக்கா" என்றாள். "ஸ்கேன் முடிஞ்சதும் நேரா டாக்டர் ரூமுக்குத்தான் போவணும். நானும் கூட வரேன்."

அவள் இன்றும் அங்கேதான் வேலை செய்கிறாள். ஆயிரக்கணக்கான பேரை அந்தக் குழாய்க்குள் அனுப்பிவிட்டாள். போன வருஷம் போனில் பேசியபோது, இப்போதெல்லாம் மெஷின் சத்தம் குறைந்த புது மாடல் வந்திருக்கிறது என்று சொன்னாள். சொல்லிவிட்டு, "ஆனா எனக்குக் கேக்குற சத்தம் ஒண்ணும் கொறைல அண்ணே" என்றாள்.